மர ஸ்மோக்கிங் பைப் கையால செய்யணுமா? வடசென்னைல மரம், டூல்ஸ், செலவு, பேப்பர் வேலை எல்லாம் ஸ்டெப் பை ஸ்டெப்

புகையிலை பைப் செய்யறது எப்படின்னு தேடினா வர்றதெல்லாம் வெளிநாட்டுக்காரங்க வீடியோ தான். அவங்க கிட்ட பேண்ட்சா இருக்கு, லேத் இருக்கு, ஆர்டர் போட்டா பிரையர் கட்டை வாசலுக்கு வருது. நம்ம கிட்ட இருக்கறது ஒரு மொட்டை மாடி, ஒரு டிரில்லு, கீழ் வீட்டு ஆயா தூங்கற நேரத்துல சத்தம் போடக்கூடாதுங்கற கண்டிஷன். இத வச்சிக்கிட்டு வண்ணாரப்பேட்டைலயோ தண்டையார்பேட்டைலயோ உக்காந்து ஒரு ஒழுங்கான பைப் செய்ய முடியுமான்னா தாராளமா முடியும், ஆனா எங்க போய் எத வாங்கறது, எதுல காசு வீணா போகும்னு சொல்ல ஆள் கிடையாது, நான் அலைஞ்சு தெரிஞ்சிக்கிட்டத எழுதறேன், நீங்களாவது அலையாம இருங்க.

ரெண்டு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். புகையிலை உடம்புக்கு கேடு, பைப்ல பிடிச்சாலும் கேடு தான். நான் பிடிக்கறதில்ல, மர வேலைல இருக்கற ருசிக்காக செய்யறேன். 18 வயசுக்கு கீழ இருக்கற பசங்களுக்கு புகையிலை விக்கறது சட்டப்படி குத்தம், பைப்பையும் அவங்க கைல குடுக்காதீங்க. அடுத்தது, பைப்னா செதுக்கற வேலைன்னு தான் முக்காவாசி பேர் நெனைக்கறாங்க. கிடையாது. மரம் நல்லா காஞ்சு, ஓட்டை சரியா விழுந்திருந்தா மூஞ்சி சுமாரா இருக்கற பைப் கூட அருமையா புகையும். ஓட்டை தப்பாச்சுன்னா மயில் மாதிரி செதுக்கினாலும் ஷோகேஸ்ல வைக்கத்தான் லாயக்கு.

1. மரம் பிடிக்கறது

பைப்புக்குன்னே பேர் வாங்குன மரம் பிரையர். மத்தியதரைக் கடல் ஓரமா வளர்ற ஒரு புதரோட வேர் முண்டு அது. தோண்டி எடுத்து, மணிக்கணக்குல தண்ணில கொதிக்க வச்சு, மாசக்கணக்குல காய வச்சு விக்கறாங்க, அதான் அவ்ளோ சூடு தாங்குது. வெளிநாட்டுல இருந்து ஒரு கட்டை வரவழைச்சா சுமாரா 20ல இருந்து 40 டாலர், தபால் செலவு தனி, கஸ்டம்ஸ் வரி தனி. ஆதார், பான், கடைக்காரர் குடுத்த இன்வாய்ஸ், காசு கட்டுன ஸ்கிரீன்ஷாட் எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல ரெடியா வச்சிக்கோங்க, பார்சல் நின்னுச்சுன்னா இதத்தான் கேப்பாங்க. பட்டையோட இருக்கற கச்சா மரமா வாங்காதீங்க, அதுக்கு அனுப்பற நாட்டுல இருந்து பைட்டோசானிட்டரி சர்டிபிகேட் (மரத்துல பூச்சி, நோய் இல்லன்னு குடுக்கற சான்று) வேணும், சின்ன கடைக்காரங்க அத எடுத்துக் குடுக்க மாட்டாங்க. ஓட்டை போட்டு, ஸ்டெம்மும் (வாயில வைக்கற குழாய்) மாட்டி வர்ற கிட் கிடைக்கும், முத பைப்புக்கு அது நல்ல வழி, கொஞ்சம் விலை ஜாஸ்தி, ஆனா ஓட்டை போடற தலைவலி இல்ல.

அவ்ளோ செலவு பண்ண மனசு வரலன்னா நம்ம வேலிகாத்தான் இருக்கு. சிரிக்காதீங்க. அமெரிக்கால மெஸ்கீட்ல பைப் செய்யறாங்க, அந்த மெஸ்கீட்டோட பங்காளி தான் நம்ம சீமைக்கருவேலம். நல்ல கெட்டி, காய்ஞ்சப்புறம் முறுக்கிக்கறதும் கம்மி. மீஞ்சூர், அத்திப்பட்டு, பொன்னேரி பக்கம் ரோட்டோரம் பூரா அது தான், விறகு தொட்டில கேட்டா எடை போட்டு குடுப்பாங்க. தொடை தண்டிக்கு இருக்கற அடிமரமா பாத்து எடுங்க. நடுவுல இருக்கற செம்பழுப்பு வைரம் மட்டும் தான் நமக்கு, சுத்தி இருக்கற வெள்ளைய பூச்சி அரிச்சிடும்.

இப்ப எடுக்கவே கூடாததுங்க. அரளி, எட்டி, தில்லை மூணும் விஷம், பக்கத்துலயே போகாதீங்க. பிளைவுட்ல பசை இருக்கு. பழைய கதவு நிலைல பெயிண்ட்டு, கரையான் மருந்து எல்லாம் ஊறியிருக்கும். ஹார்பர் பக்கம், மணலி யார்டு பக்கம் எல்லாம் பேலட் கட்டை சும்மா கிடைக்கும், ஆசையா தான் இருக்கும், ஆனா அதுல குத்தியிருக்கற சீலப் பாருங்க. எம்பின்னு (MB) இருந்தா மெத்தில் புரோமைட் அடிச்சது, எச்டின்னு (HT) இருந்தா சூடு மட்டும் குடுத்தது. எச்டி மேலயும் என்ன கெமிக்கல் டிரம் உக்காந்து வந்துச்சோ, யாருக்குத் தெரியும், பைப்புக்கு ரெண்டுமே வேணாம். காசிமேட்டுல படகு கட்ற எடத்துல விழற துண்டும் அப்படித்தான், பழசுன்னா உப்பும் டீசலும் ஊறிப் போயிருக்கும். ரயில்வே ஸ்லீப்பர் கட்டையும் வேணாம், அது க்ரியோசோட்ங்கற தார் எண்ணெய்ல ஊறினது.

ஈட்டின்னு சொல்ற ரோஸ்வுட் பாக்க ராஜா மாதிரி இருக்கும். ஆனா தமிழ்நாட்டுல அதுக்குன்னே 1994ல ஒரு பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தாங்க, பில் இல்லாம ஒரு துண்டு கூட வாங்காதீங்க. அதோட தூள் நெறைய பேருக்கு அலர்ஜி வேற. செம்மரம் பத்தி நான் சொல்லணுமா, வேணாம்.

2. காய விடறது

இங்க தான் எல்லாரும் அவசரப்படறாங்க. பச்சை மரத்த பைப்புக்கு ஏத்த அளவுக்கு கொஞ்சம் பெருசா துண்டு போட்டு, ரெண்டு முனைலயும் மெழுகு உருக்கி பூசிடுங்க. முனை வழியா தான் ஈரம் சீக்கிரம் ஓடும், பூசலன்னா வெடிப்பு விட்டுடும். வெயில்ல வைக்காதீங்க, நிழல்ல காத்து வர்ற எடத்துல அடில ரெண்டு ரீப்பர் குடுத்து அடுக்குங்க. ஒரு இன்ச் கனத்துக்கு ஒரு வருஷம்னு ஆசாரிங்க சொல்ற கணக்கு இருக்கு. அத விட நம்பகமானது தராசு, சமையல் தராசு போதும். கட்டை மேல தேதியும் எடையும் பென்சில்ல எழுதி வைங்க, வாரா வாரம் போட்டுப் பாருங்க, எடை குறையறது நின்னா காஞ்சிடுச்சு. ஐப்பசி கார்த்திகைல நம்ம ஊர் காத்துல ஈரம் ஏறி எடை திரும்ப கூடும், பயப்படாதீங்க, தை பொறந்ததும் திரும்ப போட்டுப் பாருங்க. மரம் அறுக்க மாசி பங்குனி நல்ல டைம்.

பொறுமை இல்லன்னா நல்லா காஞ்ச பழைய விறகு கட்டையா தேடுங்க, ஆனா வெடிப்பு இல்லாத துண்டு பத்துக்கு ஒண்ணு தேறினா அதிர்ஷ்டம்.

3. டூல்ஸ்

பாரிஸ் கார்னர்ல லிங்கிச் செட்டி தெரு, தம்புச் செட்டி தெரு, செம்புதாஸ் தெரு, இந்த மூணுல எல்லாமே முடிஞ்சிடும். ஞாயித்துக்கிழமை போகாதீங்க, முக்காவாசி ஷட்டர் எறங்கியிருக்கும். கடைல போய் பைப் செய்யணும்னு சொன்னீங்கன்னா பிளம்பிங் கடைக்கு கை காட்டுவாங்க, என்ன பிட்டு, என்ன சைஸ்னு மட்டும் கேளுங்க.

வேணும்கறது: அரை ரவுண்டு மர அரம் ஒண்ணு, நைஸ் அரம் ஒண்ணு, ஊசி அரம் செட்டு, கோப்பிங் ரம்பம், பெஞ்ச் வைஸ், வெர்னியர், உப்புத்தாள். எல்லாம் சேத்து 4000ல இருந்து 5000க்குள்ள அடக்கலாம். அரத்துல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, மட்டமான அரம் கருவேலத்து மேல வழுக்கிட்டே போகும், கை தான் வலிக்கும். மாஸ்க் கண்டிப்பா, துணி மாஸ்க் இல்ல, என் 95.

பிட்டு மூணு சைஸ்ல. 4 எம்எம், 8 எம்எம், அப்புறம் கிண்ணத்துக்கு (புகையிலை போடற குழி) 6 நூல், அதாவது 19 எம்எம். 4 எம்எம் பிட்டுல ஒரு பொறி இருக்கு. சாதா பிட்டோட மொத்த நீளமே 75 எம்எம் தான், சக்குக்குள்ள போறது போக நமக்கு வேண்டிய ஆழம் எறங்காது. சாதாவோட லாங் சீரிஸ்னு கேட்டு ஒண்ணும் வாங்குங்க, அது 119 எம்எம் வரும். 6 நூலுக்கு தட்டையா இருக்கற ஸ்பேட் பிட்டு வாங்கி, அதோட ரெண்டு மூலையையும் சாணைல குடுத்து யூ மாதிரி உருட்டிடுங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும், இல்லன்னா பிட்டு ஆடும், கிண்ணம் 6 நூலுக்கு பதிலா 7 நூலா வந்து நிக்கும்.

டிரில் பிரஸ் வாங்கறதா இருந்தா சின்னதே 7000, 8000 ஆகுது. ஒண்ணு ரெண்டு பைப்புக்கு அது வேண்டாத செலவு. வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் லேத் பட்டறைக்கா பஞ்சம்? கூட்டம் இல்லாத நேரமா, மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் போய் கேட்டா 200, 300 வாங்கிட்டு ஓட்டை போட்டுக் குடுப்பாங்க.

4. வரைஞ்சிக்கறது

முத பைப்புக்கு நேரான பில்லியர்ட் ஷேப் (நேர் தண்டு, உருண்டைக் கிண்ணம்) தான், வளைஞ்சதெல்லாம் அப்புறம். கட்டைய 85 எம்எம் நீளம், 50 உயரம், 40 அகலத்துக்கு நாலு பக்கமும் மூலைமட்டம் வச்சு சதுரமா இழைச்சிக்கோங்க. பக்கவாட்டுல பென்சில்ல அப்படியே வரைங்க. கிண்ணத்தோட நடுக்கோடு முன் முனைல இருந்து 20 எம்எம். கிண்ணம் ஆழம் 38. காத்து ஓட்டை கிண்ணத்தோட அடில வந்து சேரணும், ஓட்டை 4 எம்எம்ங்கறதால அதோட நடுக்கோடு மேல இருந்து 36ல வரும். கீழ 12 எம்எம் மரம் மிஞ்சும், செதுக்கினப்புறம் 8க்கு கம்மியாகக் கூடாது.

இந்தப் படத்த போன்ல போட்டோ எடுத்து வச்சிக்கோங்க, செதுக்க ஆரம்பிச்சா கோடெல்லாம் போயிடும்.

5. ஓட்டை போடறது

செதுக்கறதுக்கு முன்னாடி ஓட்டை. சதுரமா இருக்கற கட்டைய தான் வைஸ்லயோ லேத்ல ஃபோர் ஜா சக்லயோ நேரா பிடிக்க முடியும், உருண்டையாக்கிட்டு போய் நின்னா பட்டறைக்காரர் திருப்பி அனுப்பிடுவார்.

பட்டறைல மொத வேலை, பிட்டெல்லாம் ஸ்பிரிட் போட்டு தொடைக்கறது, அப்புறம் ஆயில், கூலண்ட் எதுவும் ஊத்த வேணாம்னு சொல்றது. அவங்களுக்கு இரும்பு ஓட்டி பழக்கம், கை தானா ஆயில் கேனுக்குப் போகும். ஒரு சொட்டு விழுந்தா மரம் குடிச்சிடும், அந்த வாசனைய அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது.

தண்டுப் பக்கத்துல, அதாவது ஸ்டெம் மாட்டற முனைல இருந்து ஆரம்பிங்க. மொதல்ல 8 எம்எம் பிட்டுல 20 எம்எம் ஆழம், ஸ்டெம்மோட மூக்கு போய் உக்கார்ற எடம் இது. கட்டைய கழட்டாம, அதே பிடில 4 எம்எம் லாங் பிட்டு மாட்டி முனைல இருந்து 65 எம்எம் வரைக்கும். கழட்டி மாட்டினா ரெண்டு ஓட்டையும் ஒரே கோட்டுல இருக்காது, பின்னாடி பைப் கிளீனர் (ஓட்டைய சுத்தம் பண்ண விடற கம்பி) அங்க தான் முட்டும். பிட்டுல 65ல ஒரு டேப் சுத்திக்கோங்க. நீள பிட்டு மரத்துக்குள்ள வளைஞ்சு போற புத்தி உள்ளது, அதனால மொதல்ல சாதா 4 எம்எம்ல கொஞ்சம் எறக்கி வழி காட்டிட்டு அப்புறம் லாங் பிட்டு விடுங்க, ஒவ்வொரு அரை இன்ச்சுக்கும் வெளிய இழுத்து தூள தட்டிட்டு திரும்ப எறக்குங்க. தூள் அடைச்சிக்கிட்டா சூடாகும், புகை வரும், ஓட்டையோட உள்பக்கம் கருகிடும்.

அப்புறம் கட்டைய நிமித்தி கிண்ணம். ஸ்பீடு கம்மியா வைங்க. 30 எம்எம் வரைக்கும் கவலை இல்ல, அதுக்கப்புறம் அரை அரை எம்எம்மா எறக்குங்க. பிட்டு காத்து ஓட்டைய தொடற நேரத்துல சத்தம் மாறும், அதுவரைக்கும் ஒரே சீரா போன சத்தத்துல லேசா ஒரு தடதடப்பு வரும். மெஷின நிறுத்திட்டு தண்டுப் பக்கம் வாய் வச்சு ஊதினீங்கன்னா கிண்ணத்துல இருந்து தூள் குப்புன்னு வரும், கண்ண மூடிக்கோங்க. டார்ச் அடிச்சு பாருங்க, ஓட்டையோட அடி விளிம்பு கிண்ணத்தோட அடியோட ஒட்டி இருக்கணும். மேல நின்னா இன்னும் கொஞ்சம் எறக்குங்க, அப்படியே விட்டா அடில இருக்கற புகையிலை எரியாது, ஈரமா சொதசொதன்னு கெடக்கும். ஓட்டைய தாண்டி கீழ போயிட்டாலும் இதே கதை தான், அத திருப்ப முடியாது, அதனால தான் அரை அரை எம்எம்மா போகச் சொல்றேன்.

ராயபுரத்துல எனக்குத் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர், ஹார்பர்ல இருந்து ரிட்டையர் ஆனவர், ரொம்ப வருஷமா பைப் பிடிக்கறார். எந்த பைப்ப குடுத்தாலும் மொதல்ல பத்த வைக்க மாட்டார், வெறும் வாயில இழுத்துப் பாப்பார். விசில் அடிச்சா எங்கயோ ஓட்டை குறுகியிருக்குன்னு அர்த்தம். "சும்மா மூச்சு வுடற மாரி இருக்கணும்பா, ஜூஸ் உறியற மாரி இருக்கக் கூடாது" அப்படிம்பார். டெஸ்ட்டு அவ்ளோ தான்.

6. ஸ்டெம்

வாயில வைக்கற பாகம். முத தடவை ரெடிமேடா வாங்கிடுங்க, மரத்த விட இது தான் நேரம் தின்னும். செஞ்சே தீருவேன்னா எபோனைட் ராடு வாங்குங்க, கையால பேனா செய்யறவங்க யூஸ் பண்றாங்களே அதே தான். பல்லுக்கு இதமா இருக்கும், ஆனா வெயில் பட்டா பழுப்பு ஏறும், அரம் போடும்போது கந்தக நாத்தம் அடிக்கும், வீட்டுக்குள்ள பண்ணா திட்டு விழும். அக்ரிலிக் நிறம் மாறாது, கடிக்க கெட்டியா இருக்கும். பிவிசி மட்டும் வேணவே வேணாம், சூடு பட்ற எடத்துல அத வாயில வைக்கறதெல்லாம் வம்பு.

மூக்குக்கு 8 எம்எம் டெல்ரின் ராடு, பிளாஸ்டிக் ராடு விக்கற கடைல கிடைக்கும். ஸ்டெம்ல போட்ட 8 எம்எம் ஓட்டைல எபாக்சி போட்டு ஒட்டுங்க, மரத்துல இருக்கற பள்ளத்துல இல்ல. ஒட்டற எடத்த மட்டும் உப்புத்தாள்ல சொரசொரப்பாக்கணும், டெல்ரின் வழுவழுன்னு இருந்தா எதுவும் பிடிக்காது. வெளிய நீட்டிட்டு இருக்கறது 19 எம்எம், பள்ளம் 20. ஒரு எம்எம் சந்து போதும், அதுக்கு மேல விட்டா எச்சில் தண்ணி தேங்கும். மூக்கு நீளமா இருந்தா தண்டு பொளந்துக்கும். வாய் முனை 4 எம்எம் கனம் வரைக்கும் தட்டையாக்கி, உள் ஓட்டைய ஊசி அரத்தால விசிறி மாதிரி விரிச்சு விடுங்க. கடைசில பைப் கிளீனர் வாயில இருந்து கிண்ணம் வரைக்கும் தடையில்லாம போகணும்.

7. செதுக்கறது

ஸ்டெம்ம மாட்டிட்டு தான் தண்டுப் பக்கம் அரம் போடணும், அப்ப தான் மரமும் ஸ்டெம்மும் சேர்ற எடம் விரல்ல தட்டுப்படாம இருக்கும். கோப்பிங் ரம்பத்துல மூலைய அறுத்து எடுங்க, மீதி அரம். அப்பப்ப வெர்னியர் வச்சுக்கோங்க, கிண்ணத்து சுவர் 6 எம்எம்முக்கு கீழ போகக் கூடாது, தண்டுல 8 எம்எம் ஓட்டைய சுத்தி 4 எம்எம்மாவது மரம் இருக்கணும். கையால பண்ணா ரெண்டு சனி ஞாயிறு ஆகும்.

நடுவுல பூச்சி ஓட்டையோ வெடிப்போ தெரியலாம். வெளிப்பக்கம்னா விட்டுடுங்க. கிண்ணத்துக்குள்ள போகுதுன்னா தூளும் ஃபெவிக்விக்கும் போட்டு அடைக்காதீங்க, சூடு பட்டா அந்த பசை தான் புகையா வரும். கட்டைய தூக்கிப் போட்டுட்டு அடுத்தத எடுங்க.

8. தேய்ப்பு, கலர், மெழுகு

உப்புத்தாள் 120, 220, 320, 400, 600. நடுவுல எதையும் தாண்டாதீங்க, 120 போட்ட கீறல் கலர் அடிச்சதும் பல்ல இளிச்சிட்டு வெளிய வரும். 320க்கு அப்புறம் ஈரத்துணில தொடச்சு காய விட்டா நார் எழும்பும், அத திரும்ப தேய்ங்க.

கலர் வேணும்னா ஸ்பிரிட்ல கரையற சாயம். கிண்ணத்துக்குள்ள சாயமும் போகக் கூடாது, பாலிஷும் போகக் கூடாது, கார்க்கு வச்சு அடைச்சிடுங்க. வார்னிஷ், டச்வுட் மாதிரி எதையும் வெளிய கூட அடிக்காதீங்க, சூட்டுல கொப்பளிக்கும். கடைசி மெழுகு கார்னபா. தேன்மெழுகு சுலபமா கிடைக்குதேன்னு பூசினா அது 62, 64 டிகிரிலயே உருகிடும், பைப் சூடாச்சுன்னா கை பிசுபிசுங்கும். கார்னபா 82க்கு மேல தான் உருகும். நைனியப்பன் நாயக்கன் தெரு கெமிக்கல் கடைங்கள்ல விசாரிங்க, கார் பாலிஷ் டப்பால கார்னபான்னு போட்டிருக்கறத வாங்கிடாதீங்க, அதுல வேற கெமிக்கல் கலந்திருக்கும். துணி வீல டிரில்ல மாட்டி, மெழுகு கட்டிய வீல்ல லேசா தொட்டு, பைப்ப காட்டுங்க. ரெண்டு கையாலயும் இறுக்கி பிடிங்க, வீல் பிடுங்கி சுவத்துல அடிச்சிடும்.

உள்பூச்சுக்கு நைசா பொடிச்ச அடுப்புக்கரி, கொஞ்சம் தயிர், ரெண்டும் குழைச்சு கிண்ணத்துக்குள்ள மெல்லிசா ஒரு பூச்சு. அந்த நேரம் பைப் கிளீனர காத்து ஓட்டைல விட்டு வைங்க, இல்லன்னா அடைச்சிக்கும். மழைக்காலத்துல பூசாதீங்க, காயறதுக்குள்ள பூஞ்சை பிடிச்சிடும்.

9. விக்கணும்னா பேப்பர் வேலை

மொதல்ல உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன், சின்ன தொழிலுக்கான அரசாங்கப் பதிவு. ஆதாரும் பானும் வேணும், ஒரு பைசா கிடையாது. கூகுள்ல தேடினா அரசாங்க சைட் மாதிரியே இருக்கற பிரைவேட் சைட்டுங்க 1000, 2000 கேக்கும், அட்ரஸ் ஜிஓவி டாட் இன்ல முடியுதான்னு பாத்துட்டு உள்ள போங்க.

ஜிஎஸ்டில பெரிய பொறி ஒண்ணு. மரத்துல செஞ்ச கைவினைப் பொருள் தானே, 5 சதவீதம் போட்டா போச்சுன்னு பல பேர் நெனைக்கறாங்க. புகை பிடிக்கற பைப்புக்கு எச்எஸ்என் (வரிக்காக பொருளுக்கு குடுக்கற கோடு நம்பர்) 9614, மரமா இருந்தாலும் கையால செஞ்சிருந்தாலும் அதே தான். 28 சதவீதமா இருந்துச்சு, 2025 செப்டம்பர் 22ல இருந்து 40. கிண்ணம் மட்டும் தனியா வித்தாலும் அதே நம்பர் தான். தமிழ்நாட்டுக்குள்ளயே விக்கறீங்க, வருஷ விற்பனை 40 லட்சத்துக்குள்ளன்னா ரெஜிஸ்ட்ரேஷனே தேவையில்ல, நம்ம லெவலுக்கு அது போதும். வெளி மாநில ஆர்டர் வந்தா பணம் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு ஆடிட்டர்கிட்ட பேசிடுங்க.

வெளிநாட்டுக்கு அனுப்ப ஐஇசி நம்பர் (ஏற்றுமதி, இறக்குமதி கோடு) வேணும், வெளிநாட்டு வர்த்தகத்த பாத்துக்கற டிஜிஎஃப்டி சைட்ல 500 ரூபா கட்டி ஆன்லைன்லயே எடுத்துக்கலாம், பான் கார்டும் பேங்க் அக்கவுண்ட்டும் வேணும். பில் வச்சு வாங்குன ரோஸ்வுட்ல செஞ்சதுன்னா சும்மா அனுப்பிடாதீங்க, 2017ல இருந்து அந்த வகை மரம் மொத்தமும் சைட்டிஸ் (அழியற உயிரினங்கள் வியாபாரத்துக்கான உலக ஒப்பந்தம்) லிஸ்ட்ல இருக்கு, கைவினைப் பொருள் ஏற்றுமதி கவுன்சிலான இபிசிஎச் குடுக்கற விருக்ஷ் சர்டிபிகேட் உங்க பார்சலுக்கு வேணுமான்னு மொதல்ல அவங்ககிட்ட கேட்டுக்கோங்க. வேலிகாத்தானுக்கு அந்த தொல்லை இல்ல. இன்வாய்ஸ்ல வெறும் மரப் பொருள்னு போடாம என்ன மரம், என்ன பொருள், எச்எஸ்என் என்னன்னு தெளிவா எழுதுங்க, மரம் வாங்குன பில்லோட காப்பி ஒண்ணும் பார்சலுக்குள்ள வைங்க. ஸ்டெம்ம கழட்டி தனியா சுத்தி வச்சு பேக் பண்ணுங்க, மாட்டியபடி அனுப்பினா வழில யாராவது பார்சல தூக்கிப் போட்டா மூக்கு தான் மொதல்ல ஒடியும். வாங்குனவங்களுக்கு ஒரு சீட்டும் எழுதி போட்டுடுங்க: சூடா இருக்கும்போது ஸ்டெம்ம கழட்டக் கூடாது.